ஊரறிய ஒரு விவாகம்

ஆங்கிலேயரின் திருமணம் என்றவுடன் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவன, தரையில் புரளும் வெள்ளை அங்கியும், முகத்தை மறைக்கும் மெல்லிய வலைத்துணியும், கையில் ஏந்திய பூச்செண்டும், மேசைமேல் கோபுரம்போல் அடுக்கிவைத்த கேக்கும் ஆகிய இவைகளே. சினிமாப் படங்களும் பத்திரிகைப் படங்களும் இவற்றை நமக்கு அவ்வளவு பழக்கப்படுத்திவிட்டன. இவையெல்லாம் ஆதிகாலந்தொட்டு வழங்கிவரும் சம்பிரதாயங்கள் என்று அந்நாட்டாரிலேயே அநேகர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சரித்திர ஏடுகளைச் சற்றே புரட்டிப் பார்ப்பவருக்கு, இந்த ஆடம்பரங்களுள் பெரும்பாலானவை விக்டோரியா மகாராணியின் காலத்தில் வழக்காக நிலைத்தவை என்பதும், அவற்றைக் காட்டிலும் பல நூற்றாண்டுகள் மூத்தது, விவாகம் எப்படியாவது ஊரறிய நடந்தாக வேண்டும் என்று திருச்சபையும் அரசாங்கமும் பட்ட கவலை என்பதும் எளிதில் விளங்கும்.

மத்திய காலத்து ஐரோப்பாவில் திருச்சபை வகுத்திருந்த விதிப்படி, விவாகத்துக்கு இன்றியமையாத அம்சம் இருவருடைய சம்மதம் ஒன்றேயாகும். பருவம் எய்திய ஓர் ஆணும் பெண்ணும், உறவுமுறையில் தடை இல்லாதவிடத்து, இன்றுமுதல் நாம் கணவனும் மனைவியும் என்று ஒருவருக்கொருவர் வாக்களித்துக்கொண்டால், அந்த வாக்கு வயல்வரப்பில் சொல்லப்பட்டதாயினும் மதுக்கடை முற்றத்தில் சொல்லப்பட்டதாயினும், பந்தம் பந்தமே. கோட்பாட்டளவில் இது மிக உயர்ந்தது. நடைமுறையிலோ, சொன்னவனே மறுநாள் ‘நான் சொல்லவில்லை’ என்று சாதித்தால், பெண்ணின் பக்கம் நின்று சாட்சி சொல்ல ஒருவரும் இல்லாமற்போவர். பொய்யும் தவறும் புகுந்த பிறகே கரணம் என்னும் மணச்சடங்கு விதிக்கப்பட்டது என்று தொல்காப்பியர் கூறும் காரணத்தை நாம் அறிவோம். ஐரோப்பாவிலும் அதே காரணந்தான் வேலை செய்தது. 1215-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் கூடிய லாத்தரன் மகாசபை, இன்னார் இன்னாரை மணக்கப்போகிறார் என்னும் செய்தியை முன்கூட்டியே தேவாலயத்தில் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்று திருச்சபை முழுவதற்கும் கட்டளை பிறப்பித்தது. இங்கிலாந்தில் ‘பான்ஸ்’ என்று பெயர் பெற்ற அந்த அறிவிப்பு, மணமகன் ஊர்க் கோயிலிலும் மணமகள் ஊர்க் கோயிலிலும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்கப்படும். ஒவ்வொரு தடவையும், இந்த விவாகத்துக்கு நியாயமான ஆட்சேபணை உடையவர் யாரேனும் உண்டானால் இப்பொழுதே சொல்லலாம் என்று பாதிரியார் சபையை நோக்கிக் கேட்பார். நம் நாட்டுக் கிறிஸ்தவர்கள் ‘ஓலை வாசித்தல்’ என்று சொல்வது இதனையே.

பகிரங்கத்தை விரும்பாதவர்கள் எக்காலத்திலும் உண்டு. தங்கள் வீட்டு விஷயம் கோயிலில் எல்லோர் காதிலும் விழுவதைக் கௌரவக் குறைவாகக் கருதிய பெரிய மனிதர்கள், பணம் கட்டி அத்தியட்சரிடம் லைசென்ஸ் பெற்றுக்கொண்டார்கள். கேன்டர்பரி பேராயர் ஒருவருக்கே உரிய விசேஷ லைசென்ஸ் கிடைத்துவிட்டாலோ எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் மணக்கலாம். எட்டாம் ஹென்றி அரசர் போப்பாண்டவரோடு உறவை முறித்துக்கொண்ட காலத்தில், அதுவரை ரோமாபுரியிலிருந்து வந்துகொண்டிருந்த அனுமதிகளை இனிக் கேன்டர்பரியே வழங்கலாம் என்று செய்த 1533-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பலன் அது. அந்த அதிகாரம் இன்றைக்கும் அவரிடமே இருக்கிறது. ஏழைகளும் அவசரக்காரர்களும் நாடிச் சென்றது, லண்டன் மாநகரில் ஃபிளீட் என்னும் பெயருடைய சிறைச்சாலையை. கடனுக்காக அங்கே அடைபட்டிருந்த பாதிரிமார்களுக்கு இழப்பதற்கு மானமோ சம்பளமோ மிச்சமிருக்கவில்லையாதலால், மேலதிகாரி தண்டிப்பாரே என்ற அச்சமும் இருக்கவில்லை. சிறையை அடுத்த மதுக்கடைகளில் இடம் பிடித்து, கைகோத்த ஆணும் பெண்ணுமாகச் சித்திரம் எழுதிய பலகையை வாசலில் தொங்கவிட்டு, தெருவில் போவோர் வருவோரைத் தரகர்களை விட்டு அழைத்து, அவர்கள் விவாகம் செய்துவைத்தார்கள். சிறிது கூடுதலாகக் கொடுத்தால் பதிவுப் புத்தகத்தில் தேதியை முன்தள்ளி எழுதித் தருவதும் உண்டு. பிறக்கப்போகும் குழந்தையின் பெயரை அவ்விதம் காப்பாற்றிக்கொண்டவர்கள் இருந்தார்கள்.

இந்த வியாபாரத்தை ஒழிப்பதற்காக ஹார்ட்விக் பிரபு 1753-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அது 1754-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. அதன் பிறகு, ஓலை வாசித்தோ லைசென்ஸ் பெற்றோ, இங்கிலாந்துத் திருச்சபையின் தேவாலயத்தில், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நடந்து, பதிவேட்டில் கையொப்பமும் ஆன விவாகமே செல்லும். இருபத்தொரு வயது நிரம்பாதவர் லைசென்ஸ் பெற்று மணப்பதானால் தகப்பனாரின் சம்மதம் வேண்டும். யூதர்களுக்கும் குவேக்கர் சமயத்தாருக்கும் மட்டும் சட்டம் விலக்கு அளித்தது. கத்தோலிக்கர் முதலியோர் தாம் ஒப்பாத மதகுருவின் முன்பு நின்றாலொழியச் சட்டப்படி தம்பதிகள் ஆகமுடியாது என்ற அநியாயம், 1837 ஜூலை முதல் தேதியன்று சிவில் பதிவு ஏற்படும்வரையில் எண்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அது இங்கிலாந்தையும் வேல்ஸையும் மட்டுமே கட்டுப்படுத்திற்று; ஒரே முடியின்கீழ் இருந்தும் தனக்கென்று வேறு நீதிமுறை உடைய ஸ்காட்லாந்து, பழைய சம்மதக் கோட்பாட்டையே கைக்கொண்டிருந்தது. அங்கே பதினான்கு வயதுப் பையனும் பன்னிரண்டு வயதுப் பெண்ணும் பெற்றோரைக் கேளாமலே, சாட்சிகள் முன்னிலையில் வாக்களித்துக் கணவன் மனைவி ஆகலாம். ஆகவே தகப்பனாரின் சம்மதம் கிடைக்காத காதலர்கள் லண்டனிலிருந்து முந்நூறு மைலுக்கு மேல் குதிரைவண்டியில் இரவும் பகலுமாக ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டியவுடன் எதிர்ப்படும் முதல் ஊராகிய கிரெட்னா கிரீனில் இறங்கலானார்கள். சாட்சி யாராயிருந்தாலும் சட்டத்துக்குச் சம்மதமே என்பதால், அவ்வூர் மீன்பிடிப்பவரும் கடைக்காரரும் விடுதிக்காரரும் புரோகிதர்களாகிவிட்டனர். கொல்லுப்பட்டறையின் பட்டடைக்கல்லைச் சுத்தியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியதும் விவாகம் நிறைவேறிற்று என்பது அங்கே வழக்கமாயிற்று. ஜேன் ஆஸ்டின் அம்மையாரின் ‘பிரைட் அண்டு பிரெஜுடிஸ்’ நாவலில் லிடியா என்னும் துடுக்குப் பெண் காதலனோடு ஓடிப்போகும்போது, தான் கிரெட்னா கிரீனுக்குப் போவதாகத்தான் கடிதம் எழுதிவைக்கிறாள். அந்தக் காலத்து வாசகருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கற்பனையை விஞ்சிய உண்மைச் சம்பவம் ஒன்றும் உண்டு. லண்டனில் பெரும் வங்கி நடத்திவந்த ராபர்ட் சைல்ட் என்பவருக்குச் சாரா ஆன் என்று ஒரே புத்திரி. அவளை மணக்க விரும்பியவர் வெஸ்ட்மர்லாந்து பிரபு. பட்டம் பெரிதாயினும் மாப்பிள்ளையின் பண நிலையும் பழக்கங்களும் வங்கிக்காரருக்குப் பிடிக்கவில்லை. 1782-ஆம் ஆண்டில் இருவரும் வடக்கு நோக்கி ஓடினார்கள். தகப்பனார் துரத்திச் சென்றார். வழியில் அவருடைய குதிரையைச் சுட்டு வீழ்த்தித்தான் பிரபு தப்பினார் என்று ஒரு கதை சொல்லுவார்கள். அது எவ்வாறாயினும், அதே ஆண்டில் காலஞ்சென்ற சைல்ட் எழுதிவைத்த உயில் கதையன்று: தம் திரண்ட சொத்து மருமகனுடைய பட்டத்தை வகிக்கப்போகும் மூத்த பேரனுக்குச் சேராதபடி கட்டிவைத்துவிட்டுப் போனார். அதனால் அவர் பேத்தி சாரா சோஃபியா அவ்வங்கியின் தலைமைப் பங்காளியாகி, அறுபது ஆண்டுகள் அந்த ஸ்தானத்தில் இருந்தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு ஸ்திரீ வங்கிக்குத் தலைமை வகித்தாள் என்றால், அதற்கு மூலகாரணம் தாயார் ஓடிப்போனதுதான்.

இந்த ஓட்டத்தின் வேகத்தைக் குறைக்க 1856-இல் புரூம் பிரபு ஒரு சட்டம் செய்தார். மணப்பவர்களுள் ஒருவராவது இருபத்தொரு நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்று அது விதித்தது. கோபம் கொண்ட தகப்பனார் வந்துசேர மூன்று வாரம் தாராளமாகப் போதும் அல்லவா? பட்டடைக் கலியாணம் அறவே செல்லாது என்றானது 1940-ஆம் ஆண்டில்தான். எனினும் கிரெட்னாவின் கீர்த்தி மங்கவில்லை. சட்டப்படி பதிவு செய்துகொண்டு, அந்தப் பட்டடைக்கல்லின் முன் நின்று மணப்பதற்காக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இன்னமும் அங்கே போகிறார்கள்.

இடத்தைப் போலவே நேரத்தையும் சட்டம் கவனித்தது. காலை எட்டு மணிமுதல் நண்பகல் பன்னிரண்டு மணிவரையில்தான் விவாகம் நடத்தலாம் என்று 1604-ஆம் வருஷத்துத் திருச்சபை விதிகள் கூறின. இருட்டில் ஆள்மாறாட்டம் நடக்கலாம், மத்தியான உணவுக்குப்பின் மாப்பிள்ளை நிதானத்தோடு இருப்பாரா என்பது சந்தேகம் என்று இதற்குக் காரணம் கூறுவார்கள். காலையில் கோயில் சடங்கு முடிந்தவுடன் உண்ணும் முதல் உணவாதலால், மணவிருந்துக்கு ‘வெட்டிங் பிரெக்ஃபாஸ்ட்’ என்ற பெயர் ஏற்பட்டது. 1886-இல் மாலை மூன்று மணிவரையிலும், 1934-இல் ஆறு மணிவரையிலும் நேரத்தை நீட்டினார்கள்; விருந்தும் அதற்கேற்ப மாலைக்கு நகர்ந்தது. ஆயினும் பெயர் நகரவில்லை. ஆட்டிறைச்சியும் திராட்ச மதுவும் பரிமாறிச் சாயங்காலத்தில் நடக்கும் விருந்தையும் ஆங்கிலேயர் கூச்சமின்றிக் காலையுணவு என்றே அழைப்பிதழில் அச்சிடுகிறார்கள். இங்கிலாந்துக்குப் படிக்கப்போகும் நம் பிள்ளைகள் இதனை நினைவில் வைத்துக்கொண்டால், விடியற்காலையில் பட்டினியோடு போய் நிற்க நேராது.

இனி ஆடம்பரத்துக்கு வருவோம். 1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி, செயின்ட் ஜேம்ஸ் அரண்மனைத் தேவாலயத்தில், விக்டோரியா மகாராணி ஜெர்மானிய இளவரசர் ஆல்பர்ட்டை மணந்தாள். அரசியிடம் சென்று ‘என்னை மணந்துகொள்’ என்று கேட்கும் உரிமை எந்தப் புருஷனுக்கும் இல்லாமையால், முந்திய அக்டோபர் மாதத்தில் அவளே அவரை அழைத்துத் தன் விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஆல்பர்ட், அவள் தாயாரின் உடன்பிறந்தவருடைய புதல்வர். நம் வழக்கில் சொன்னால் சொந்த மாமன் மகன், முறைமாப்பிள்ளை. அதுகாறும் அரச குமாரிகள் வெள்ளிச் சரிகை இழைத்த கனமான உடையில் மணப்பதே மரபு. சாதாரணக் குடும்பத்துப் பெண்ணோ, பிறகும் பல ஆண்டுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு உடுத்தக்கூடிய பழுப்போ நீலமோ ஆன நல்ல உடை ஒன்றைத் தைத்துக்கொள்வாள். வெள்ளை உடுத்திய மணமகள் முன்பும் இல்லாமலில்லை. ஆயினும் விக்டோரியா வெள்ளையைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு தேசிய நோக்கம் இருந்தது. பட்டு, லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர் நெய்தது. அதன்மேல் அமைந்த லேஸ், இயந்திரப் போட்டியால் நலிந்துகொண்டிருந்த டெவன் மாகாணத்துப் பெண்கள் கையால் பின்னியது. தன் கலியாண உடை சில நூறு ஏழைப் பெண்களுக்கு வேலை தரட்டும் என்று அரசி எண்ணினாள். அந்த லேஸ் நன்றாகத் தெரிவதற்கு வெண்ணிறமே ஏற்றதாயிருந்தது. படங்கள் அச்சாகி ஊரெல்லாம் பரவின. வசதியுள்ள வீட்டுப் பெண்கள் அதைப் பின்பற்றினார்கள். வெள்ளை என்றால் கன்னிமையின் அடையாளம் என்ற தத்துவம் எல்லாம் அதன் பிறகே விரிவாக எழுதிச் சேர்க்கப்பட்டது. கைத்தொழிலைக் காப்பாற்ற எழுந்த ஒரு நல்லெண்ணம் உலகெங்கும் எத்தனையோ மணமகளிர்க்கு ஒரு நிறத்தை விதித்துவிட்டது என்பது வேடிக்கைதான்.

இசையின் கதையும் அரண்மனையிலேயே தொடங்குகிறது. விக்டோரியாவின் மூத்த குமாரத்தி 1858 ஜனவரி 25-ஆம் தேதி பிரஷ்ய இளவரசரை மணந்தபோது, ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றுக்கு மெண்டல்சன் அமைத்திருந்த மணவாத்தியம் முழங்கிற்று. அன்றுமுதல் அது எல்லாருக்கும் உரியதாயிற்று. மணமகள் உள்ளே வரும்போது வாசிக்கும் மற்றொரு மெட்டு, வாக்னரின் ‘லோஹென்கிரின்’ என்னும் இசைநாடகத்தைச் சேர்ந்தது. அந்த நாடகத்தில், அம்மெட்டைப் பாடி மணவறைக்கு அனுப்பப்பட்ட தம்பதிகள் அன்றிரவே பிரிந்துபோகிறார்கள் என்பதைக் கோயிலில் அதனை வாசிக்கச் சொல்வோர் அறியாதிருப்பதே நலம்.

கேக்கைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதலாம். பழங்காலத்தில் மணமகளின் தலைமேல் சிறு அப்பங்களை உடைத்துத் தூவினார்கள். பிற்காலத்தில் ஒரு துண்டை மோதிரத்தின் ஊடே நுழைத்து, வருங்காலக் கணவனைக் கனவிற் காணும்பொருட்டுக் கன்னிப்பெண்கள் தலையணையின்கீழ் வைத்துக்கொண்டார்கள். விக்டோரியாவின் கேக் முந்நூறு பவுண்டு எடை என்று அக்காலத்துப் பத்திரிகைகள் வியந்து எழுதின. 1858-இல் அவள் மகளுக்குச் செய்த உயர்ந்த கேக்கிலோ, மேல் அடுக்குகள் வெறும் சர்க்கரைச் சிற்பம். இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது, 1940-இல், கேக்கின்மேல் சர்க்கரைப் பூச்சுப் பூசுவதையே அரசாங்கம் தடுத்துவிட்டது. ஆயினும் அடுக்குக் கேக் இல்லாத கலியாணத்தைப் படம் பிடிக்க ஆங்கிலேயர் மனம் ஒப்பவில்லை. ரொட்டிக் கடைகள் அட்டையாலும் சுண்ணச் சாந்தாலும் அழகிய கோபுரங்கள் செய்து வாடகைக்கு விட்டன. படம் பிடித்தானபின் அதைத் தூக்கினால், உள்ளே பங்கீட்டு மாவில் செய்த சிறு கேக் ஒன்று இருக்கும். யுத்தம் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் பங்கீடு ஓயவில்லை. 1947 நவம்பர் 20-இல் எலிசபெத் இளவரசி மணந்தபோது, துணி வாங்குவதற்கான தங்கள் கூப்பன்களைத் தேசத்துப் பெண்கள் பலர் அவளுக்கு அனுப்பினார்கள்; ஒருவர் கூப்பனை மற்றொருவர் உபயோகிப்பது சட்டவிரோதம் என்பதால் அவை திருப்பி அனுப்பப்பட்டன. ஒன்பதடி உயரத்துக்கு எழுந்த அவள் கேக்குக்கு வேண்டிய பண்டங்கள் ஆஸ்திரேலியாவில் சாரணியச் சிறுமிகள் சேர்த்து அனுப்பியவை.

இவற்றுள் என் மனத்தைத் தொடுவது ஒரு பூச்செண்டு. 1923 ஏப்ரல் 26-ஆம் தேதி, பிற்காலத்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் அரசியாகிய எலிசபெத் போஸ்-லயன், மணக்கோலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குள் நுழைந்தபோது, முதல் உலக யுத்தத்தில் மாண்ட பெயர் தெரியாத போர்வீரனின் சமாதிமேல் தன் பூச்செண்டை வைத்துவிட்டு, வெறுங்கையோடு பீடத்துக்கு நடந்தாள். அவள் தமையன் ஃபெர்கஸ் 1915-இல் லூஸ் போர்க்களத்தில் இறந்தவன். அதன் பிறகு அரச குடும்பத்து மணமகளிர் சடங்கு முடிந்தபின் தங்கள் செண்டை அச்சமாதிக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது.

சடங்கில் சொல்லும் பிரமாணங்களுக்கும் நாட்டுச் சட்டத்துக்கும் நெடுங்காலம் பொருத்தமே இருந்ததில்லை. மோதிரம் அணிவிக்கும் மாப்பிள்ளை, தன் உலகப் பொருள் அனைத்தையும் அவளுக்கு அளிப்பதாகப் பழைய பிரார்த்தனைப் புத்தகப்படி சொல்லுவான். உண்மையிலோ, அக்கணமே அவளுடைய பணமும் நகையும் சம்பாத்தியமும் அவனைச் சேர்ந்தனவாகும். கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே நபர் என்று நீதி நூலாசிரியர் பிளாக்ஸ்டன் 1765-இல் எழுதினார், அந்த ஒரே நபர் கணவன்தான் என்று பிறர் கேலியாகச் சேர்த்துக்கொண்டனர். மணமான பெண் தன் சம்பளத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை 1870-இலும், சொத்தைத் தானே ஆளும் உரிமை 1882-இலும் கிடைத்தன. கணவனுக்குக் கீழ்ப்படிவேன் என்ற வாக்கை விட்டுவிட 1928-ஆம் வருஷத்துத் திருத்தப் புத்தகம் இடங்கொடுத்தது. தேசத்தையே ஆண்ட விக்டோரியா அதனைச் சொன்னாள், 1947-இல் எலிசபெத் இளவரசியும் சொன்னாள், 1981-இல் அரச குடும்பத்து மணமகளான டயானா சொல்லவில்லை.

உறவுமுறைத் தடைகளில் அவர்களுக்கும் நமக்கும் உள்ள வேற்றுமை விநோதமானது. அத்தை மகனையும் மாமன் மகளையும் மணக்க அங்கும் தடை இல்லை. ஆனால் மனைவி இறந்தால் அவள் தங்கையை மணப்பது, தன் உடன்பிறந்தாளையே மணப்பதற்கு ஒப்பான பாவம் என்று திருச்சபை கருதிற்று; கொழுந்தியை ‘சிஸ்டர்-இன்-லா’ என்பதில் உள்ள ‘லா’ அந்தத் திருச்சபைச் சட்டந்தான். 1835-ஆம் வருஷத்துச் சட்டம் அத்தகைய விவாகம் அடியோடு செல்லாது என்று ஆக்கிவிட்டது. தாயிழந்த குழந்தைகளைச் சிற்றன்னையைவிட அன்போடு வளர்ப்பவர் யார் என்று நாம் கேட்போம், அங்கும் கேட்டார்கள். 1842-இல் முதல் மசோதா வந்தது. மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டு, அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து 1907-இல்தான் நிறைவேறிற்று. அதற்கிடையில் புகழ்பெற்ற ஓவியர் ஹோல்மன் ஹண்ட், 1875-இல், காலஞ்சென்ற மனைவியின் தங்கையை மணப்பதற்காகச் சுவிட்சர்லாந்துக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

பதிவேட்டின் கதை இன்னும் முடிந்தபாடில்லை. 1837 முதல் விவாகச் சான்றிதழில் இரு தகப்பன்மாரின் பெயரும் தொழிலும் மட்டுமே எழுதப்பட்டு வந்தன. பெற்ற தாய்மாரின் பெயருக்கு இடம் ஏற்பட்டது 2021 மே 4-ஆம் தேதியன்று. மணவயது பதினெட்டு என்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உயர்ந்தது 2023 பிப்ரவரியில். நாட்டுச் சட்டம் விதித்திருந்த நேரக் கட்டுப்பாட்டையோ 2012 அக்டோபரில் அடியோடு எடுத்துவிட்டார்கள்; இப்பொழுது அங்கே சட்டம் நள்ளிரவு விவாகத்தையும் தடுப்பதில்லை.

ஆனால் ஆங்கிலேயர் நம் நாட்டில் விட்டுச்சென்ற 1872-ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை இன்னும் கைவிடவில்லை. வெள்ளைப் புடவையும் தாலியும் மோதிரமுமாக நம் தேவாலயங்களில் நடக்கும் விவாகங்கள், அச்சட்டப்படி, காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையில் நடைபெற வேண்டும். அத்தியட்சரின் அனுமதி போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. ஆகையால் மாலை ஏழரை மணி என்று அழைப்பிதழ் அச்சிடக் கருதும் கிறிஸ்தவ நண்பர்கள், அச்சகத்துக்குப் போகுமுன் தங்கள் சபைக் குருவை ஒருமுறை கண்டு விசாரித்துக்கொள்வது நல்லது.